ஒத்தை சீட்டு வண்டி

அந்தப் பையன் இப்ப பைக்குல நம்ம பஸ்ஸை முந்திட்டு ஒரு முறுக்கு முறுக்கிட்டுப் போனானே, பாத்தீங்களா? நீங்க வாயைப் பொளந்துட்டுப் பாத்ததை நான் பாத்தேன். அது பேரு கஃபே ரேசருங்க. கடையில போய் வாங்கற சமாச்சாரம் இல்லை. பழைய வண்டி ஒண்ணை எடுத்து, வேண்டாததையெல்லாம் அறுத்துத் தள்ளிட்டு, ஹேண்டில் பாரைக் கீழ எறக்கி, சீட்டை ஒரு ஆளுக்கு மட்டும் பண்ணி, வீட்டுல உக்காந்து செய்யறது. அவன் சைலன்சர்ல போட்டிருக்கற வெல்டிங் சரியில்லை. போட்டவனுக்குக் கை நடுங்கியிருக்குது. போற போக்குலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

எப்பிடித் தெரியும்ங்கறீங்களா? அட, நானே ஒண்ணு பண்ணுனவனுங்க. என்ற பேரு வெள்ளிங்கிரி. கோயமுத்தூரு கணபதியில லேத்துப் பட்டறையில இருக்கறேன். இருவத்தாறு வருசமா பம்புக்கு ஷாஃப்ட் கடைஞ்சு குடுக்கற வேலை. நூலளவு பிசகுனாலும் கையை வெச்சுத் தடவியே சொல்லிப்போடுவேன்.

ஜன்னலைச் சித்தே சாத்துங்க, காத்து மூஞ்சியில அடிக்குது. ஆங், போதும்.

கரூருக்குத்தானுங்க நானும். என்ற பொண்ணு தாரணி அங்க ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில டிசைன் வேலையில இருக்கறா. லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கியிருக்கறா. வர்ற புதன்கெழமை அவளோட அம்மாவுக்கு வருசத் திதி. மொத வருசம். ஒத்தைப் புள்ளை, அவ வரணுமா இல்லையா, நீங்களே சொல்லுங்க. ஒரு வருசமா என்ற கூடப் பேச்சு இல்லை. போன் பண்ணுனா எடுக்கறதில்லை. மாசாமாசம் ஹாஸ்டலுக்குப் போறேன். வாட்ச்மேன் மேல போய்க் கேட்டுட்டு வந்து, புள்ளை இல்லீங்கங்கறான். அவளோட செருப்பு வாசல்ல கெடக்குது, இல்லீங்கங்கறான்.

எல்லாம் என்ற மச்சினன் ஈஸ்வரமூர்த்தி பண்ற வேலைங்க. அவளுக்குத் தாய்மாமன். அவன் என்ன சொல்றான்னா, 'மாமா, திதிக்கு வர்ற சொந்தக்காரங்க முன்னாடி நின்னு நடந்ததை நடந்தபடி சொல்லிப்போடுங்க, தாரணி வந்துருவா. அது ஒண்ணுதான் அவ கேக்கறா'ங்கறான். என்னமோ நான் மறைச்சு வெச்சாப்பல. நடந்தது என்னங்க? நான் வண்டி ஓட்டிட்டுப் போனேன், என்ற சம்சாரம் துளசிமணி பின்னால உக்காந்திருந்தா, சேலை சக்கரத்துல சிக்கிருச்சு, உழுந்துட்டா. போயிட்டா. போலீஸ் பேப்பர்லயே இருக்குது. இதுல நடந்தபடி நடக்காதபடின்னு என்ன இருக்குது?

மொதல்ல இருந்து சொல்றனுங்க. அப்பத்தான் ஞாயம் எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியும்.

அந்த வண்டி எங்க கல்யாணத்துக்கு என்ற மாமனார் வாங்கிக் குடுத்தது. இருவத்திமூணு வருசம் ஓட்டுனேன். டேங்கு மேல தாரணி, பின்னால துளசி, ரெண்டு பேருக்கும் நடுவுல நான். மருதமலைக்கும் அதுலதான், ஆஸ்பத்திரிக்கும் அதுலதான். பொறகு புள்ளை பெருசாயிட்டா, வண்டி ஓரமாக் கெடந்துது. ஒரு நா போன்ல ஒரு வீடியோ பாத்தேன். எந்த நாட்டுக்காரனோ, கார் நிறுத்தற எடத்துல உக்காந்து பழைய வண்டியை அறுத்து அறுத்து, கடைசியில ஒண்ணு நிறுத்துனான் பாருங்க. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கலை. இத்தனை வருசமா அடுத்தவன் டிராயிங்கைப் பாத்து அடுத்தவனுக்குக் கடைஞ்சு குடுத்திருக்கறேன். எனக்குன்னு ஒரு சாமான் செஞ்சதில்லை. நாப்பத்தெட்டு வயசுல உனக்கு என்னப்பா ரேசுன்னு பட்டறையில லொள்ளு பேசுனாங்க. பேசட்டும்னு உட்டுட்டேன்.

ஆடியில பிரிச்சேன், தையில முடிச்சேன். வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டகை, அதுதான் நம்ம பட்டறை. ஞாயித்துக்கெழமை ஆனா உள்ள போயிருவேன். துளசி காப்பி கொண்டாந்து குடுத்துட்டு அங்கயே ஒரு பெயின்ட் டப்பா மேல உக்காந்துக்குவா. அவளுக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனாலும் உக்காந்துக்குவா. டேங்குக்கு என்ன கலர், கோடு எந்தப் பக்கம் வளையணும்னு தாரணிதான் பேப்பர்ல வரைஞ்சு குடுத்தா. மூணு பேரும் சேந்து சிரிச்சுட்டு இருந்த காலம் அதுதானுங்க. இப்ப நெனச்சா வயிறு எரியுது.

இந்த வேலையில ஒரு நுணுக்கம் இருக்குதுங்க. கம்பெனி பிரேம்ல அங்கங்க காது காதா இரும்பு நீட்டிட்டு இருக்கும். சைடு பெட்டி மாட்ட ஒண்ணு, மட்கார்டுக்கு ஒண்ணு, பின்னால உக்கார்றவங்க கால் வெக்கற கம்பிக்கு ஒண்ணு, சாரி கார்டுக்கு ரெண்டு. சாரி கார்டு தெரியுமல்ல? பொம்பளைங்க ஒருபக்கமா உக்காந்தா சேலை சக்கரத்துக்குள்ள போகாம இருக்க இடதுபக்கம் கம்பி வலையாட்டம் மாட்டியிருப்பான், அது. அரைகொறையாப் பண்றவன் சாமானை மட்டும் கழட்டிட்டு காதை அப்பிடியே உட்டுருவான். நான் அப்பிடியில்லை. காதை எல்லாம் கிரைண்டர்ல அறுத்து, அரத்துல ராவி, எமரி பேப்பர் போட்டுத் தேச்சு, கையை வெச்சா வழுக்கணும். முன்ன இங்க ஒரு காது இருந்துதுன்னு பெத்தவனே சொல்ல முடியாது. அதுதான் வேலை.

சீட்டு தைச்சது துளசிதானுங்க. வீட்டுல ஜாக்கெட் தைக்கறவ. ரெக்சினைக் குடுத்தேன், கட்டம் கட்டமா சாய்சதுரமாத் தையல் போட்டுக் குடுத்தா. மெசின் ஊசி நாலு ஒடைஞ்சுது. அதை வண்டியில மாட்டிப் பாத்தப்பத்தான் கேட்டா, 'ஏனுங்க, இதுல நான் எங்க உக்கார்றது?'ன்னு. 'உனக்குத்தான் கவருமெண்டே டவுன் பஸ்ஸை ஓசியில உட்டிருக்குதே'ன்னேன். சிரிச்சா. மெய்யாலுமே சிரிச்சாங்க, தாரணியைக் கேட்டுப் பாருங்க. கேட்டா அவ என்ன சொல்லுவாளோ.

அப்பறம் ஒண்ணு சொன்னா. 'அந்தக் கம்பியை மட்டும் உட்டுருங்க, அவசரம்னா நானோ புள்ளையோ ஏறுனா வேணுமல்ல'ன்னா. 'அதை மாட்டுனா லுக்கே போயிரும், போ'ன்னேன். ஒரே ஒரு தடவைதானுங்க சொன்னா. அழுத்திச் சொல்லியிருந்தா நான் கேக்க மாட்டனா? ரெண்டு தடவை இருக்கும். பொம்பளைங்க எதையாவது சொல்லிட்டேதான இருப்பாங்க, எதுக்குன்னு காது குடுக்கறது?

டிக்கெட் எடுத்தாச்சுங்க கண்டக்டர், அப்பவே எடுத்தாச்சு. இந்த ஆளு மூணாவது தடவை கேக்கறான்.

மாசி மாசம், முகூர்த்த நாளு. எங்க ஓனர் மகளுக்குக் கல்யாணம். வண்டியை எடுத்து மூணு வாரந்தான் ஆகியிருக்கும். பட்டறைக்காரங்க எல்லாரும் வருவாங்க, அவங்க முன்னாடி மண்டபத்து வாசல்ல அதைக் கொண்டுபோய் நிறுத்தணும்னு எனக்கு ஆசை. மறைக்கறதுக்கு என்ன இருக்குது, ஆசைதான். துளசி பஸ்ஸுல வர்றேன்னு முன்னாலயே கெளம்பிப் போயிட்டா. நான் பின்னால வர்றேன், ஸ்டாப்புல நிக்கறா. முக்கால் மணி நேரமா பஸ் வரலையாமா. அவளாத்தான் ஏறுனா.

சரி, ஏறுன்னு சொன்னது நான்தான். ஸ்டாப்புல பத்து இருவது பேரு வண்டியையே பாத்துட்டு நிக்கறாங்க. சம்சாரத்தை அங்கயே உட்டுட்டுப் போனா என்ன நெனைப்பாங்க? 'கால் வெக்க எடமில்லீங்க, வேண்டாம், நான் பஸ்ஸுலயே வர்றேன்'னா. 'பத்து நிமிசம் காலைத் தொங்கப் போட்டுட்டு வா, ஒண்ணும் ஆயிராது'ன்னேன். சீட்டுக்குப் பின்னால மேடாட்டம் ஒண்ணு இருக்கும், அது மேல என்ற துண்டை மடிச்சுப் போட்டேன். ஒருபக்கமா உக்காந்தா. என்ற இடுப்பைக் கெட்டியாப் பிடிச்சிட்டா.

சேலையைப் பத்திச் சொல்றனுங்க. வழுவழுன்னு ஒரு சேலை. காட்டன் சேலையா இருந்தா சிக்குனதும் கிழிஞ்சிருக்கும், ஆளு தப்பிச்சிருப்பா. அந்தச் சேலையைக் கட்டச் சொன்னது நானா? தீபாவளிக்கு வாங்கிக் குடுத்தது நான். அதுக்காக அன்னிக்குக் கட்டுன்னு நான் சொல்லலையே.

ரெண்டு தெருதான் தாண்டியிருப்போம். வண்டி லேசாப் பின்னால இழுக்கறாப்பல இருந்துது. புது செயின், டைட்டா இருக்குதுன்னு நெனச்சேன். லேத்துக்காரன் புத்தி அப்பிடித்தான் போகும், மெசினைத்தான் நெனைக்கும். ஆக்சிலேட்டரைச் சித்தே எச்சாக் குடுத்தேன். பின்னால 'ஏனுங்க'ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதானுங்க. திரும்பிப் பாத்தா ரோட்டுல கெடக்கறா. பின்னந்தலையில அடி.

தண்ணி இருக்குதுங்களா? குடுங்க, ஒரு வாய்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல தூக்கிட்டுப் போனோம். நெனவு இருந்துச்சு. பேசிட்டுத்தான் இருந்தா. தாரணியும் வந்துட்டா. டாக்டரு ஸ்கேன் எடுக்கணும், இருங்கன்னாரு. அப்ப என்ற பட்டறைக்காரர் ஒருத்தர் வந்து காதுல சொல்றாரு: 'வெள்ளிங்கிரி, வண்டியைத் தள்ளிட்டு வந்து உன்ற வீட்டுலயே வெச்சிருக்கறோம். போலீஸ்காரங்க கொண்டாரச் சொல்லுவாங்க, பிரேக் இன்ஸ்பெக்டர் பாப்பாரு. அதுல சாரி கார்டு இல்லையேப்பா'ங்கறாரு. தாரணிகிட்ட, 'கண்ணு, வண்டி பேப்பரு வேணுமாமா, எடுத்துட்டு ஓடியாறேன்'னுட்டுக் கெளம்பிட்டேன்.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? பாக்கறீங்களே, சொல்லுங்க. யாரா இருந்தாலும் இதையேதான் பண்ணியிருப்பாங்க.

கார்டு கொட்டகையிலயே கெடந்துது. ரெண்டு போல்ட்டு, பத்து நிமிசத்து வேலைன்னு போனேன். போய்ப் பாத்தா, மாட்டறதுக்குக் காது எங்க இருக்குது? நான்தான் அறுத்து ராவி வழிச்சு வெச்சிருக்கறனே. புதுசா ரெண்டு காது வெட்டி, ஓட்டை போட்டு, வெல்டிங் வெச்சேன். வெல்டிங் புதுசுன்னு தெரியக்கூடாதல்ல? அரத்துல ராவி, கறுப்புப் பெயின்ட் அடிச்சு, அது காயறதுக்குள்ள கரியும் பழைய ஆயிலும் கொழைச்சு மேல தேச்சு, மண்ணைத் தூவி ஊதி உட்டேன். கார்டுலயும் ரெண்டு எடத்துல சுத்தியில தட்டி நெளிச்சேன். பாக்கறதுக்குப் பத்து வருசமா அங்கயே இருந்தாப்பல ஆயிருச்சு. கை நடுங்குச்சுங்க, ஆனா வேலை சுத்தம்.

கிரைண்டர் ஓடிட்டு இருந்துது, போன் அடிச்சது கேக்கலை. பதினேழு தடவை அடிச்சிருக்கறாங்க. திரும்பிப் பாத்தா கொட்டகை வாசல்ல தாரணி நிக்கறா. எத்தனை நேரமா நின்னாளோ தெரியலை. சுடிதார் பூரா அவங்கம்மா ரத்தம். 'அப்பா, அம்மா உங்களைக் கேட்டுட்டே இருக்குது, வாங்க'ன்னா. 'ரெண்டு நிமிசம் கண்ணு, இந்தா வந்துட்டேன், பெயின்ட் ஈரமா இருக்குது'ன்னேன். அவ கையைப் பாத்தா, வண்டியைப் பாத்தா. 'அப்பா, வாங்க'ன்னா மறுபடியும். 'நீ போ சாமி, அம்மாகிட்ட யாரும் இல்லையல்ல, நீ முன்னால போ'ன்னேன். போயிட்டா.

நான் கை கழுவி, சட்டையை மாத்திட்டு, பேப்பரையும் எடுத்துட்டுப் போய்ச் சேர்றப்ப மூஞ்சியை மூடியிருந்தாங்க.

அழுதேங்க. அழுகாம இருப்பனா? இருவத்திமூணு வருசம் என்ற முதுகுல சாஞ்சு உக்காந்து வந்தவ. இன்னிக்கும் பஸ்ஸுல போனா முதுகுப்பக்கம் வெறும் சீட்டுத்தான் இருக்குதுங்க. அந்த வேதனை யாருக்குத் தெரியும்?

மக்கியா நாளு பொழுது விடிஞ்சதும் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தாரு. சுத்திச் சுத்திப் பாத்தாரு. குனிஞ்சு அந்தக் காதைத் தொட்டுத் தடவிப் பாத்தாரு. 'சீட்டை மாத்தி, கால் வெக்கற கம்பியைக் கழட்டுனதுக்கு அபராதம் கட்டணும்'னாரு. 'கார்டு இருக்குது'ன்னு எழுதிட்டு எந்திரிச்சாரு. தப்பா நெனச்சுக்காதீங்க, ஒரு நொடி எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க. அந்த ஆளு எத்தனை ஆயிரம் வண்டி பாத்திருப்பாரு, அவரு கையிக்கே தெரியலை.

அதுக்கப்பறம் பேச்சு அப்பிடியே திரும்பிருச்சு. கார்டு இருந்தும் சேலை போயிருக்குதுன்னா, முந்தானையைச் சொருகாம உக்காந்திருக்கறா, அவ கவனம் பத்தலைன்னு எழவு வீட்டுலயே ஆளாளுக்குப் பேசுனாங்க. நான் பேசலைங்க. நான் வாயே தொறக்கலை. என்ற மாமனாரு எழுபத்தாறு வயசு மனுசன், 'எம்புள்ளைக்குச் சேலையைப் பிடிச்சுட்டு உக்காரத் தெரியாமப் போச்சே'ன்னு தலையில அடிச்சுட்டு அழுகறாரு. தாரணி எந்திரிச்சு என்ற முன்னால வந்து நின்னா. 'அப்பா, தாத்தாகிட்டச் சொல்லுங்க'ன்னா. அத்தனை பேரும் என்னையே பாக்கறாங்க. நான், 'தாத்தாவுக்குத் தண்ணி கொண்டா கண்ணு'ன்னேன்.

பதினாறாம் நாளு காரியம் முடிஞ்ச கையோட பெட்டியைத் தூக்கிட்டு மாமன் வீட்டுக்குப் போயிட்டா. அங்கிருந்து கரூரு.

நான் என்னத்தைச் சொல்றதுங்க? சொன்னா, நான்தான் கொன்னுபோட்டேன்னு ஆயிரும். பட்டறையில எப்பிடித் தலை காட்டறது? அவ போயிட்டா. அவளைக் கவனமில்லாதவன்னு சொன்னா அவளுக்கு என்ன வலிக்கவா போகுது? நான் இருக்கறேன், நான் இந்த ஊர்ல நடமாடணுமல்ல. இந்தப் புள்ளைக்கு அது புரியறதில்லை. செத்தவ பக்கம் நிக்கறா, இருக்கறவனைப் பாக்க மாட்டேங்கறா. ஒரு நாளாச்சும், அப்பா சாப்பிட்டீங்களான்னு கேட்டிருப்பாளா?

ஏனுங்க, ஒரு ஒதவி. என்ற நம்பர்ல இருந்து கூப்பிட்டா எடுக்க மாட்டா. உங்க போனைச் சித்தே குடுக்கறீங்களா? நம்பரு மனப்பாடந்தான். ரெண்டே நிமிசம். உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும்.

அடிக்குது. அடிக்குது.

அலோ... தாரணி... கட் பண்ணிராத கண்ணு, கட் பண்ணிராத. அப்பாதான் பேசறேன். இது பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருக்கறவரு போனு சாமி. வெள்ளக்கோயில் தாண்டியாச்சு, உன்னையப் பாக்கத்தான் வந்துட்டு இருக்கறேன். சாப்பிட்டயா? ... ஆமா, புதன்கெழமைதான். நீ இல்லாம எப்பிடி கண்ணு? உங்கம்மாவுக்கு ஆகுமா? ... எல்லாரும் வருவாங்க. தாத்தாவும் வருவாரு. ... அதை இப்ப எதுக்குப் பேசிட்டு... ... இல்லம்மிணி, நீ அன்னிக்குப் பதட்டத்துல இருந்தே. நான் லூசா இருந்த போல்ட்டைத்தான் முடுக்கிட்டு இருந்தேன். நீ என்னத்தையோ பாத்துட்டு என்னத்தையோ... ... கார்டு மாட்டித்தான் இருந்துச்சு கண்ணு. இன்ஸ்பெக்டரே எழுதிக் குடுத்திருக்கறாரல்ல? ... தாரணி? தாரணி?

வெச்சுட்டா.

பாத்தீங்களா? நீங்க கேட்டுட்டுத்தான இருந்தீங்க, ஒரு சுடுசொல் சொன்னனா? கண்ணு, சாமின்னுதான பேசுனேன். பெத்த அப்பன் இதுக்கு மேல என்ன பண்ணுவான்? அப்பிடிப் பாக்காதீங்க. நீங்களும் என்ற மச்சினனாட்டமே பாக்கறீங்க. உங்ககிட்டச் சொன்னது வேற. நீங்க யாரோ, நான் யாரோ, கரூர்ல எறங்குனா நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

உங்க போன் அடிக்குதுங்க. இருங்க... அவ நம்பர்தான்! அவளேதான் கூப்பிடறா! நான் எடுக்கறேன், குடுங்க.

சொல்லு சாமி, அப்பாதான்... ... ஏன்? அவருகிட்ட உனக்கு என்ன பேச்சு? அவரு யாரோ கண்ணு... ... வெச்சுராத, வெச்சுராத. இரு, குடுக்கறேன்.

ஏனுங்க, உங்ககிட்டக் குடுக்கச் சொல்றா. கோயமுத்தூர்ல இருந்து பக்கத்துலயே உக்காந்து வந்தீங்களே, எங்கப்பா உங்ககிட்ட என்ன சொன்னாருன்னு கேக்கணுமாமா. வாங்கிக்கங்க. கார்டு இருந்துச்சுன்னுதான் சொன்னாருன்னு சொல்லிருங்க. ஏனுங்க, என்னையே பாத்துட்டு உக்காந்திருக்காதீங்க, புள்ளை லைன்ல இருக்கறா. ஒரு வார்த்தைதானுங்க, சொல்லுங்க.